கரைக்கு ஒரு சட்டம், கணினிக்கு ஒரு சட்டம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் குடித்துவிட்டுச் சாவகாசமாக வாசியுங்கள்.

மின்சாரம், ரயில், வங்கி, மருத்துவமனை எல்லாம் இன்று கணினியில்தான் ஓடுகின்றன. அந்தக் கணினிகளைக் காப்பதற்கென்று நம் நாட்டில் சட்டம் போட்டு அமைத்த அரசு அமைப்பு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஆனால் என் பழைய மாணவர்களில் கணினித் துறைக்குப் போனவர்களைத் தவிர மற்ற யாரிடம் கேட்டாலும் விழிக்கிறார்கள். "அதெல்லாம் நமக்கெதுக்கு சார்?" என்கிறார்கள். நமக்குத்தான். அந்த இரண்டு அமைப்புகளும் எப்படி வந்தன, இன்னும் எது பாக்கி இருக்கிறது என்பதை எழுதுகிறேன். நான் கணினி நிபுணன் இல்லை. சமூக அறிவியல் நடத்திய இடைநிலை ஆசிரியன். அதனால் நான் வரலாற்று வழியாகத்தான் வருவேன். அந்த வழி நம் முக்கொம்பில் தொடங்குகிறது.

2018 ஆகஸ்ட் 22 இரவு. காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து தண்ணீரோடு போயின. விடிவதற்குள் திருச்சி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. காலையில் ஊரே முக்கொம்பை நோக்கிப் போனது. மணல் மூட்டை அடுக்குவதைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. ஏன் உடைந்தது, யார் கவனிக்கவில்லை, மணல் அள்ளியதால் வந்த வினையா என்று டீக்கடையிலிருந்து சட்டமன்றம் வரை பேசினார்கள். பிறகு புதிய கதவணை கட்டினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கரை உடைந்தால் மறைக்க முடியாது. தண்ணீரே ஊருக்குச் சொல்லிவிடும். கணினியில் உடைப்பு எடுத்தால் சத்தம் வராது, ஈரம் தெரியாது. உள்ளே வந்தவன் பல மாதம் தங்கியிருந்தாலும் வெளியே எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருக்கும். கண்டுபிடித்தவர் வாயைத் திறந்தால்தான் அடுத்தவருக்குத் தெரியும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் காக்க ஒரு தனி அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. பாடப்புத்தகத்தில் உத்திரமேரூர் கல்வெட்டைப் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை. முப்பது குடும்பு, குடவோலை, வாரியங்கள் என்று மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்திருப்போம். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், ஓராண்டுப் பதவி. ஊரின் ஏரியைக் காப்பது அவர்கள் வேலை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது என்றும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடமில்லை, நிலம் உள்ளவர்களுக்கே இடம் என்பதும் உண்மை. ஆனாலும் காவலும் கணக்கும் சேர்ந்தே இருந்தன.

அடுத்தது வெள்ளைக்காரன் காலம். 1858ஆம் ஆண்டின் முதல் சட்டம் நம் மதராஸ் மாகாணத்துக்காகப் போட்டது. சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்பார்கள். ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ அணையோ உடையும் ஆபத்து வந்தால் சுற்றியுள்ள உழைக்கும் மக்களை வேலைக்கு அழைக்கலாம், கூலி கொடுக்க வேண்டும், வர மறுத்தால் தண்டனை உண்டு. வழக்கப்படி செய்யவேண்டிய குடிமராமத்து வேலையைச் செய்யாதவர், அந்த உழைப்பின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். சுமை முழுவதும் ஏழை உழைப்பாளி தலையில் விழுந்த சட்டம் அது, பாராட்ட நான் வரவில்லை. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. கரையைக் காப்பது தானாக நடந்துவிடாது. இது இன்னார் கடமை, தவறினால் இன்னது என்று எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. இன்றும் நம் டெல்டாவில் வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ள லஸ்கர்கள் இருக்கிறார்கள். கரையில் நண்டு வளை போட்டு நீர் கசிந்தாலும் அதைப் பார்த்து மேலே சொல்வது அவர்கள் வேலை.

இனி கணினிக்கு வருவோம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 9இல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் ஒப்புதல் கொடுத்தார். அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. 94 பிரிவுகள். ஐக்கிய நாடுகள் அமைப்பு மின்வணிகத்துக்காக வெளியிட்ட மாதிரிச் சட்டத்தை ஒட்டி எழுதியது. ஆகவே அதன் முதல் கவலை வியாபாரம்தான். மின் கையொப்பம் செல்லுமா, மின்னஞ்சலில் போட்ட ஒப்பந்தம் செல்லுமா என்பவைதான் கேள்விகள். காவலைப் பற்றி 70ஆம் பிரிவு இருந்தது. ஒரு கணினி அமைப்பைப் 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அரசு அறிவிக்கலாம். அனுமதியின்றி நுழைந்தால் பத்தாண்டு வரை சிறை. அதாவது, வேலிக்குள் வந்தவனுக்குத் தண்டனை. வேலியைத் தினமும் யார் சுற்றிப் பார்ப்பது என்று அதில் இல்லை.

2004 ஜனவரியில் அவசர உதவிக் குழு ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. சுருக்கமாக 'செர்ட்-இன்' என்பார்கள். கணினித் தாக்குதல் நடந்தால் ஆலோசனை சொல்வது, எச்சரிப்பது அதன் வேலை. ஆனால் அப்போது அதற்கென்று சட்டத்தில் ஓரிடம் இல்லை.

உலகத்தில் காற்று மாறிக்கொண்டிருந்தது. 2007இல் எஸ்தோனியா என்ற சின்ன நாட்டின் வங்கிகள், செய்தித்தாள்கள், அரசு இணையதளங்கள் எல்லாவற்றையும் நாள்கணக்கில் முடக்கினார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. இங்கே 2006 டிசம்பரில் மக்களவையில் வைத்த திருத்த மசோதா நிலைக்குழுவுக்குப் போய்க் காத்திருந்தது. 2008 நவம்பர் 26இல் மும்பைத் தாக்குதல். அடுத்த மாதமே, டிசம்பர் 22இல் மக்களவையும் 23இல் மாநிலங்களவையும் திருத்தத்தை நிறைவேற்றின. அப்போது அந்தத் துறைக்கு அமைச்சர் நம் பக்கத்துப் பெரம்பலூர் தொகுதியின் உறுப்பினர் ஆ. ராசா. 2009 அக்டோபர் 27இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தம் என்றாலே பலருக்கும் 66ஏ பிரிவுதான் நினைவுக்கு வரும். முகநூலில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட பிரிவு. 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் சண்டையின் சத்தத்தில், அதே திருத்தம் கொண்டுவந்த வேறு இரண்டு பிரிவுகள் யார் கண்ணிலும் படவில்லை. ஒன்று 70ஏ. இன்னொன்று 70பி.

70ஏ சொல்வது: நாட்டின் முக்கியத் தகவல் உள்கட்டமைப்பைக் காக்க ஓர் அரசு அமைப்பைத் தலைமை முகமையாக மத்திய அரசு அறிவிக்கலாம். 'முக்கிய' என்றால் என்ன? சட்டத்தின் விளக்கத்தை நம் தமிழில் சொல்கிறேன். எந்தக் கணினி அமைப்பு செயலிழந்தால் நாட்டின் பாதுகாப்போ பொருளாதாரமோ மக்கள் உடல்நலமோ உயிர்ப் பாதுகாப்போ நொடித்துப்போகுமோ, அது முக்கியமானது. 70பி செர்ட்-இன்னுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. விவரம் கேட்க அதற்கு அதிகாரம் உண்டு. கேட்டும் கொடுக்காவிட்டால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

சட்டம் வந்ததும் முகமை வந்துவிட்டதா? இல்லை. 70ஏ பிரிவின்படியான அமைப்பு 2014 ஜனவரி 16இல்தான் அறிவிக்கப்பட்டது. தேசிய முக்கியத் தகவல் உள்கட்டமைப்புப் பாதுகாப்பு மையம் என்று பெயர். நாடாளுமன்றம் நிறைவேற்றி ஐந்து ஆண்டுகள் கழித்து!

அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் நடந்த ஒன்றைச் சொன்னால் காலத்தின் அருமை தெரியும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா முழுக்க மின்சாரம் போனது. இரண்டாம் நாளில் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 60 கோடிப் பேர். அது கணினித் தாக்குதல் அல்ல, மின்தொகுப்பில் ஏற்பட்ட அதிகச் சுமை. ஆனால் நம் தென்னிந்தியத் தொகுப்பு விழவில்லை. நாம் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. (அந்தக் காலத்தில் திருச்சியில் எத்தனை மணி நேர மின்வெட்டு என்று உங்களுக்கே தெரியும், வகுப்பில் விசிறிக்காகப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தே பாடம் கேட்டார்கள்.) நம் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே தாளத்தில் அப்போது இணைந்திருக்கவில்லை, அவ்வளவுதான். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக இணைந்தது. ஒரே நாடு, ஒரே தொகுப்பு. அதனால் நன்மை நிறைய. வடக்கே மிஞ்சும் மின்சாரம் இங்கே வரும். ஆனால் ஒரே கயிற்றில் எல்லா மாட்டையும் கட்டியதுபோலவும் ஆயிற்று. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு விளக்கு எரியச் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள மின்சுமைக் கட்டுப்பாட்டு மையங்களின் கணினிகள் ஒழுங்காக இருக்க வேண்டும். தொகுப்பு இணைந்த பதினாறாம் நாள் காவல் மையம் அறிவிக்கப்பட்டது. தேதிகள் அடுத்தடுத்து வந்தது தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் கயிறு ஒன்றானால் காவலும் வேண்டும் என்பதை நினைவில் வைக்க இதைவிட நல்ல தேதிகள் கிடைக்காது.

இன்று அந்த மையம் மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து, அரசு நிர்வாகம் போன்ற துறைகளைப் பார்க்கிறது. ஆதாரின் மையத் தரவுக் களஞ்சியம் 2015இல் பாதுகாக்கப்பட்ட அமைப்பாக அறிவிக்கப்பட்டது. நாம் காய்கறிக்காரருக்கு அனுப்பும் பத்து ரூபாய் யுபிஐ பணம் போகும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் முக்கியக் கணினி வசதிகள் 2022 ஜூனில் இந்தப் பட்டியலுக்குள் வந்தன. காவல் படிப்படியாக விரிகிறது. இதைக் குறை சொல்ல முடியாது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அடுக்குக் காவலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஏழு திருச்சுற்றுக்குள் வாழ்கிறவர்கள். 1323இல் டெல்லிப் படை வந்தபோது மூலவர் சந்நிதியை மறைத்துச் சுவர் எழுப்பியதையும், உற்சவரை வெளியூர்களுக்கு எடுத்துச் சென்றதையும், 1371இல்தான் அவர் திரும்பியதையும் கோயில் வரலாறு சொல்கிறது. மதில் போதாது என்று தெரிந்தபோது, முக்கியமானதை வெளித்தொடர்பு இல்லாமல் தனியே அடைப்பது ஒரு வழி. கணினிக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள். இயந்திரங்களை இயக்கும் கணினி வலையை இணையத்தோடு சேர்க்காமல் தனியே வைக்கிறார்கள். 2010இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' நச்சு நிரல், இணையத்தோடு சேராத ஈரான் நட்டான்ஸ் அணுசக்தி நிலையத்துக்குள்ளும் புகுந்து இயந்திரங்களைக் கெடுத்தது. ஆகவே சுவருக்குள்ளும் ஒரு கண் வேண்டும்.

நம் மாநிலத்துக் கதை ஒன்றைப் பார்ப்போம். கூடங்குளம். 2019 அக்டோபர் இறுதியில், அங்குள்ள கணினியில் நச்சு நிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. அக்டோபர் 29இல் நிலையத்தின் தரப்பில் அறிக்கை வந்தது: கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குகிறது, அதன்மீது இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாள் இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை விட்டது: நச்சு நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை, செர்ட்-இன் அதைக் கவனித்துச் செப்டம்பர் 4ஆம் தேதியே சொல்லிவிட்டது, அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த ஒரு கணினி, முக்கிய உள்வலை அதிலிருந்து தனித்திருக்கிறது, பாதிப்பில்லை.

இரண்டு அறிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். சட்டம் உருவாக்கிய அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கசிவைப் பார்த்தது, சொன்னது. தனித்த வலையும் தன் வேலையைச் செய்திருக்கிறது. தடுமாறியது எங்கே? ஊருக்குச் சொல்வதில். செப்டம்பர் 4இல் தெரிந்த சேதி, அக்டோபர் 30 வரை நமக்கு வரவில்லை. வெளியே யாரோ பேசிய பிறகுதான் வந்தது. அணுமின் நிலையத்தை வைத்து ஏற்கெனவே பயந்திருந்த மக்களுக்கு, முதல் நாள் 'இல்லை', மறுநாள் 'உண்டு' என்றால் அடுத்த முறை எதை நம்புவார்கள்?

2022 நவம்பர் 23இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை. ஐந்து சர்வர்களில் இருந்த தரவைப் பூட்டிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் பதிவு, சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுதினார்கள். விடியற்காலையில் வரிசையில் நின்ற வெளியூர் நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். 'மக்கள் உடல்நலம்' என்று 70ஆம் பிரிவின் விளக்கத்தில் எழுதியிருப்பதன் பொருள் அந்த வரிசைதான்.

அதே ஆண்டு ஏப்ரல் 28இல் செர்ட்-இன் ஒரு கட்டளை போட்டது. கணினித் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் இப்படி ஒரு முகமை உண்டு. 2018 நவம்பர் 16இல் தனிச்சட்டம் போட்டு, இணையப் பாதுகாப்பு மற்றும் உள்கட்டமைப்புப் பாதுகாப்பு முகமை என்று சட்டத்திலேயே பெயரை எழுதி அமைத்தார்கள். அங்கே 2022இல் வந்த சட்டம் தகவல் சொல்ல 72 மணி நேரம் தருகிறது. நம்முடையது ஆறு மணி நேரம். கடுமையில் நாம் ஒரு படி மேலே.

வேறுபாடு வேறிடத்தில். அமெரிக்க முகமை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின்கீழ் வெளிப்படையாக இயங்கும் அமைப்பு. நம் மையம் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு என்ற உளவு அமைப்பின்கீழ் வருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அதற்கு விலக்கு உண்டு. செர்ட்-இன்னும் 2023 நவம்பரில் அதே அட்டவணைக்குள் போய்விட்டது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் கேட்கலாம். மற்றபடி நாம் கேட்டால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

ரகசியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரையில் எந்த இடம் பலவீனம் என்று தண்டோரா போட முடியாது. ஆனால் உடைப்பு அடைத்த பிறகாவது 'இன்னது நடந்தது, இன்னது செய்தோம், இனி நீங்கள் இன்னதைக் கவனியுங்கள்' என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமா? முக்கொம்பில் மதகு போனபோது நாம் கேள்வி கேட்டோம்; அதனால் அரசுக்குக் கெடுதல் வரவில்லை, புதிய கதவணை வந்தது. ஏரி வாரியம் ஏரியையும் காத்தது, கணக்கும் காட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை, ரகசியம் நீக்கி, எத்தனை பெரிய தாக்குதல், எந்தத் துறையில், எவ்வளவு நேரத்தில் சரிசெய்தோம் என்று இந்த மையம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்கவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொன்றும் வேண்டும். அதை ஆசிரியனாகச் சொல்கிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளோடு இருந்ததில் தெரிந்துகொண்டது: அடிக்கிற வாத்தியாரிடம் பிள்ளைகள் உண்மை சொல்லாது. கண்ணாடி உடைந்தால் சில்லுகளைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடும். அடுத்த பிள்ளையின் காலில் குத்தும். அலுவலகங்களும் அப்படித்தான். தவறான இணைப்பை அழுத்திவிட்ட கீழ்மட்ட எழுத்தருக்குத் தற்காலிகப் பணிநீக்கம்தான் பரிசு என்றால், ஆறு மணி நேரம் என்ன, ஆறு மாதமானாலும் அவர் வாய் திறக்கமாட்டார். முதலில் சொன்னவருக்குப் பாதுகாப்பு உண்டு, மறைத்தவருக்குத்தான் தண்டனை என்று இருக்க வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, 'இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டார். ஓய்வூதியக் கணக்கிலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேல் போயிற்று. மூன்று நாள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. "ஊருக்கே பாடம் சொன்னவன் ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லியிருந்தால், பணம் கை மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். அவருடைய வெட்கமும், பெரிய நிறுவனங்கள் 'பெயர் கெட்டுவிடும்' என்று மூடி வைப்பதும் ஒரே நோய்தான். அளவுதான் வேறு.

ஆகவே நண்பர்களே, இது டெல்லிக்காரர்கள் விஷயம் என்று ஒதுக்காதீர்கள். சட்டம் 2000இல் வேலி போட்டது. 2008இல் காவலருக்கு இடம் ஒதுக்கியது. 2014இல் காவலர் வந்தார். 2022இல் 'பார்த்தால் உடனே சொல்' என்றது. ஊருக்குக் கணக்குச் சொல்வதும், சொன்னவரைக் காப்பதும் இன்னும் எழுதப்படவில்லை. அவற்றை எழுதவைக்க வேண்டியது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள். அடுத்த முறை உங்கள் தொகுதி உறுப்பினர் சாலை, சாக்கடை பற்றிக் குறைகேட்க வரும்போது, 70ஏ பிரிவைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் விழித்தால் விளக்குங்கள்.

வீட்டில் யாராவது "ஏமாந்துட்டேன்" என்று வந்து சொன்னால் திட்டாதீர்கள். முதலில் போனை எடுத்து 1930ஐ அழையுங்கள்.